காம்பைப் பார்த்து விதை எடுங்கள்

பிரிக்பீல்ட்ஸ் காய்கறிக் கடையில் பரங்கிக்காய் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்கள், வெட்டி வைத்த துண்டின் நிறத்தைப் பார்ப்பார்கள். விதைக்காக வாங்குகிறவர் பார்க்க வேண்டிய இடம் காம்பு. அது கெட்டியாக, ஐந்து பட்டையோடு, காயைத் தொடும் இடத்தில் நன்றாக விரிந்திருந்தால் அந்தக் காய் ‘குக்கர்பிட்டா மொஸ்காட்டா’ இனம். காம்பு உருண்டு தடித்துத் தக்கையாக இருந்தால் ‘மாக்சிமா’. ஜப்பான் பூசணி அந்த வகை. பட்டை இருந்தும் அடி விரியாவிட்டால், ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் ‘பெப்போ’. தோலின் நிறத்தையும் உருவத்தையும் நம்ப முடியாது. கழுத்து நீண்ட பட்டர்நட்டும், சந்தையில் ‘லாபு மானிஸ்’ என்று விற்கும் தட்டையான வரிப்பரங்கியும் ஒரே மொஸ்காட்டாதான்!

மூன்று இனங்களுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள். மெக்சிகோவின் குகை ஒன்றில் கிடைத்த பெப்போ விதைகளுக்கு வயது சுமார் 10,000 ஆண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கின் பகல் வெயிலையும் இரவுப் புழுக்கத்தையும் சளைக்காமல் தாங்குவது மொஸ்காட்டா. மாக்சிமாவுக்குக் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும். போட்டிகளில் 1,200 கிலோவைத் தாண்டி, ஒரு மைவி காரைவிடக் கனமாக நிற்கும் ராட்சதக் காய்கள் மாக்சிமாவே. அந்த விதையை ஷா ஆலமில் போட்டுவிட்டு கிரேன் தேட வேண்டாம்.

விதையைப் படுக்க வைத்து ஊன்றுங்கள். அதற்குக் காரணம் உண்டு. வேர் வெளியே வந்ததும் தண்டின் அடியில், கீழ்ப்பக்கமாக, ஒரு சிறு முண்டு முளைக்கிறது. அதைத் தாவரவியலார் ‘ஆப்பு’ என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அது விதையோட்டின் ஓரத்தை மிதித்துக்கொள்ள, தண்டு நிமிர, விதையிலைகள் ஓட்டை விட்டு உருவிக்கொண்டு வெளியேறுகின்றன. கீழ்ப்பக்கம் எது என்று இருட்டில் அதற்கு எப்படித் தெரியும்? 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பூசணியின் உறவான வெள்ளரி விதைகளை டிஸ்கவரி விண்கலத்தில் முளைக்க வைத்தார்கள். எடையற்ற அந்தச் சூழலில் ஆப்பு இரண்டு பக்கமும் முளைத்தது. ஆக, செடிக்கு இரண்டு ஆப்பு போடத் தெரியும். மேல்பக்கத்து ஆப்பை வரவிடாமல் தடுப்பது புவியீர்ப்பு.

பிரிக்பீல்ட்ஸ் ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் எரிந்த இடம். களிமண் வீட்டுச் சுவருக்கு நல்லது, பரங்கி வேருக்கு ஆகாது. மழைநீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மண்ணை மேடாகக் கட்டி மட்கிய எருவைக் கலந்து ஊன்ற வேண்டும்.

முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வதைக் கண்டு பதறாதீர்கள். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும். மொட்டு பெண்ணாக மாறுவதில் எத்திலீன் என்ற வாயுவுக்குப் பெரிய பங்கு உண்டு. வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு. கடும் வெப்பத்தில் ஆண் பூ கூடும், பெண் பூ குறையும். பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும். மகரந்தத் துகள் பெரியது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீயோ கெலுலுட் எனும் கொடுக்கில்லாத் தேனீயோ வராவிட்டால் காய் பிடிக்காது.

தேனீயின் காலில் பக்கத்து வீட்டு மகரந்தமும் ஒட்டிவரும். அதனால் இந்த வருடக் காய் மாறாது, ஆனால் உள்ளேயிருக்கும் விதைக்குத் தகப்பன் வேறு. கடைக் காயின் விதை தாயைப் போலவே காய்க்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாதது இதனால்தான். வீரிய ஒட்டுரக விதை என்றால் அடுத்த தலைமுறையில் குணங்கள் இன்னும் சிதறும். ரகம் மாறாமல் இருக்க வேண்டுமானால், மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளின் நுனியை மாலையிலேயே நூலால் கட்டுங்கள். காலையில் அவிழ்த்து, ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, அதன் நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் தடவி மறுபடி கட்டிவிடுங்கள். காய் முற்றிப் பறித்த பிறகும் சில வாரம் அறுக்காமல் வைத்தால் விதை இன்னும் திரளும். கழுவி நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் போட்டு குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. அலங்காரப் பூசணியோடு கலந்த விதையின் காயில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு இருக்கலாம். வேகவைத்தாலும் அது போகாது. நீங்கள் சேமித்த விதையில் விளைந்த முதல் காயைச் சமைக்கும் முன் பச்சையாக ஒரு சிறு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயைக் குப்பையில் போடுங்கள்.