தரப்படுத்தலின் இன்னொரு முகம்: அங்காடித் தேடுபொறிகள் யாரை முன்னிறுத்துகின்றன?

தரப்படுத்தல் என்பது எமக்கு வெறும் சொல்லல்ல. 1970களின் தொடக்கத்தில் இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியில் அது புகுத்தப்பட்டபோது, ஒரு பட்டியலின் வரிசை ஒரு தலைமுறையின் வாழ்வையே திசைதிருப்பும் என்பதை நாம் அறிந்துகொண்டோம். அந்த அநீதியை வேறெதனோடும் சமன்செய்வது என் நோக்கமல்ல. ஆனால், எதிர்த்து வாதிட அங்கே ஒரு வெட்டுப்புள்ளியாவது கண்முன் இருந்தது. இன்று சிட்னியிலும் மெல்பேர்ணிலும் சோறு சமைக்கும் குக்கர் முதல் ஹோட்டல் அறை வரை இணையத்தில் விலை ஒப்பிடும் நாம், விதி தெரியாத ஒரு வரிசையின் முன்னால் நாள்தோறும் அமர்கிறோம்.

அந்த வரிசை எவ்வாறு உருவாகிறது? வியாபாரி தனது பொருட்களின் பெயர், விலை, படம், பட்டைக்குறி இலக்கம் ஆகியவற்றை ஒரு தரவுப் பட்டியலாக அனுப்புகிறார். நாம் தட்டும் சொற்களை இயந்திரம் இவற்றோடு பொருத்திப் பார்க்கிறது. பொருந்தியவற்றுள் எது மேலே வருவது என்பதை, விளம்பர இடங்களைப் பொறுத்தவரை, ஓர் ஏலம் தீர்மானிக்கிறது. ஒருவர் தன் விளம்பரத்தை ஒருமுறை அழுத்தினால் இவ்வளவு தருவேன் என்று வியாபாரி கேட்கும் தொகையும், அதை மக்கள் அழுத்துவதற்கான வாய்ப்புப் பற்றிய கணிப்பும் சேர்ந்தே இடத்தை நிர்ணயிக்கின்றன. மிகக் குறைந்த விலை என்பது முதலிடத்திற்கான உத்தரவாதமல்ல.

வென்ட்வேர்த்வில்லில் ஒரு தமிழ்க் கடையைக் கற்பனை செய்வோம். அங்கே உள்ளூரில் அரைத்துப் பொதிசெய்த மிளகாய்த்தூளுக்குப் பட்டைக்குறி இல்லாதிருக்கலாம். புட்டு, பிட்டு என்று ஒரே பண்டத்தை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். பெரும் பேரங்காடியோடு ஏலத்தில் மோதப் பணமும் இராது. பொருள் நல்லது, விலையும் மலிவு. ஆயினும் அது பட்டியலின் அடியிலேயே கிடக்கும்.

திரைக்குப் பின்னாலுள்ள விதி அவுஸ்திரேலியாவில் ஒருமுறை நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. விற்கப்பட்டது கடைப்பொருளல்ல, ஹோட்டல் அறை, பொறிமுறை ஒன்றே. மலிவான விலையைக் கண்டறிய உதவுவதாகத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்த ட்றிவாகோ நிறுவனத்தின் மீது அவுஸ்திரேலியப் போட்டி, நுகர்வோர் ஆணைக்குழு 2018இல் வழக்குத் தொடுத்தது. கணினி நிபுணர்கள் அதன் கணிப்புமுறையை ஆராய்ந்து சாட்சியமளித்தனர். முன்பதிவுத் தளங்கள் ஓர் அழுத்தத்திற்குக் கொடுக்கும் தொகைக்கு அது பெரும் முக்கியத்துவம் அளித்தது; குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாகக் கொடுத்தோர் முதன்மை இடத்தையே பெறமுடியாது. 66.8 வீதமான பட்டியல்களில், மலிவான அறை இருக்கவே, கூடிய விலையுள்ளதே முன்னிறுத்தப்பட்டிருந்தது. நுகர்வோர் தவறாக வழிநடத்தப்பட்டனர் என்று சமஷ்டி நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் மேன்முறையீடும் தள்ளுபடியாயிற்று. 2022இல் 44.7 மில்லியன் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது.

ஐரோப்பாவில் வேறொரு கோணம். கூகிள் தனது விலை ஒப்பீட்டுச் சேவையை உச்சியில் வைத்துப் போட்டிச் சேவைகளைக் கீழே தள்ளியதாக ஐரோப்பிய ஆணைக்குழு 2017இல் முடிவுசெய்து, 2.42 பில்லியன் யூரோ தண்டம் விதித்தது. போட்டியாளருள் மிக முன்னணியில் இருந்தவர்கூடச் சராசரியாக நான்காம் பக்கத்திலேயே தோன்றினார் என்றது ஆணைக்குழு. 2024 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இம்முடிவை உறுதிசெய்தது. பட்டியலை வரிசைப்படுத்துபவரே அதில் ஒரு போட்டியாளராகவும் இருந்தால் நடுநிலை எங்கே நிற்கும்?

இலவசச் சேவைக்கு யாரோ பணம் செலுத்தத்தானே வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பத்திரிகைகளும் விளம்பரத்தால்தான் வாழ்ந்தன. ஆனால் பத்திரிகையில் விளம்பரம் விளம்பரமாகத் தெரிந்தது. இங்கோ அது தீர்ப்பின் வேடத்தில் வருகிறது. ட்றிவாகோ வழக்கில் தண்டிக்கப்பட்டது பணம் வாங்கியமை அல்ல. பணத்தால் அமைந்த வரிசையை மலிவின் வரிசையாகக் காட்டியமையே.

எனவே நாம் கோரவேண்டியது முதலிடத்தையல்ல, விதி வெளிப்படையாக இருப்பதை. அதுவரை, பட்டியலின் அடிவரை சென்று பார்ப்பதும், விளம்பரம் என்ற சிறு எழுத்தைத் தேடிப் படிப்பதும், தெருமுனைக் கடையில் நேரில் விலை கேட்பதும் எம் கையில் உள்ளன. எந்த வரிசையைக் கண்டாலும் அதை அடுக்கியவர் யார் என்று முதலில் கேட்பதற்கு, எம்மைவிட அதிகம் பழகியவர்கள் யார்?