விறைத்துப்போகும் சிவப்பணு: மலேரியாவில் தாமதம் ஏன் ஆபத்து?

சுமார் 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிவப்பணு, தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்க்குள் உடலை மடக்கி, நெளிந்து நுழைந்து வெளியேறுகிறது. மண்ணீரலில் அதற்கு இன்னும் கடுமையான சோதனை காத்திருக்கிறது. அங்குள்ள பிளவுகளின் அகலம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான். நெளிய முடியாத அணுக்கள் அங்கே சிக்கி அழிந்துவிடும். இந்த நெளிவுத்தன்மை இருப்பதால்தான் ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் ஓடுகிறது. மலேரியாக் கிருமி கைவைப்பது இதன்மீதுதான்.

உள்ளே நடப்பது என்ன?

பால்சிபாரம் வகைக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து, ஹீமோகுளோபினைத் தின்று, சுமார் 48 மணி நேரத்தில் பல்கிப் பெருகுகிறது. தன் புரதங்களை அணுவின் சவ்வுக்கு அனுப்பி அதை விறைக்கவைக்கிறது. விறைத்த அணு மண்ணீரலுக்குப் போனால் மாட்டிக்கொள்ளும். எனவே சவ்வில் சிறு முடிச்சுகளை எழுப்பி, ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இப்படி மூளையின் நுண்குழாய்கள் அடைபட்டால் நினைவு தப்பும், வலிப்பு வரும். கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியில் தேங்கினால் குழந்தை எடை குறைந்து பிறக்கும்.

சென்னையில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகைக் கிருமி வேறு வழியில் தப்புகிறது. அது புகுந்த அணு இன்னும் இளகி, மண்ணீரலின் பிளவுகளில் நழுவிவிடுகிறது. இந்தக் கிருமி கல்லீரலிலும் பல மாதங்கள் உறங்கிக் கிடந்து, மறுபடி காய்ச்சலைக் கொண்டுவரும்.

உங்கள் உரிமை

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கிருமி எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து அதைப் பொறுத்தே மாறும். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெற்றாலும், உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவர் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி.

செய்ய வேண்டியவை

குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஒடிசா, சத்தீஸ்கர், ஆப்பிரிக்க நாடுகள் என எங்காவது போய் வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முற்றிய பால்சிபாரம் கிருமிகள் குழாய்ச் சுவரில் ஒட்டி மறைந்திருப்பதால், விரல்நுனி ரத்தத்தில் தென்படாமலும் போகலாம். முதல் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்து காய்ச்சலும் விடாவிட்டால், மறுநாள் மீண்டும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல், கறுத்த சிறுநீர், ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

வைவாக்ஸுக்கு மூன்று நாள் குளோரோகுயினோடு, 14 நாள் பிரைமாகுயினும் தருவார்கள். கல்லீரலில் உறங்கும் கிருமியைத் தீர்ப்பது பிரைமாகுயின்தான். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அதைச் சாப்பிடக் கூடாது. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், அதற்கான பரிசோதனையைக் கேளுங்கள்.

சென்னையில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மேல்நிலைத் தொட்டியையும் கிணற்றையும் இடைவெளியின்றி மூடிவையுங்கள்.

காய்ச்சல் இறங்கிவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். உங்கள் உடலில் மிஞ்சும் கிருமி, ஒரு கொசுவின் வழியாகப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் ரத்தத்துக்கும் போய்ச் சேரும்.