வெண்வால் கழுகின் மீள்வருகை

நுழையும்முன்

மனிதரால் அழிக்கப்பட்ட ஒரு பறவையை மனிதரே மீண்டும் கொண்டுவர முடியுமா? முடியுமெனில், அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும்? அதற்கான விலையை யார் கொடுப்பது? ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள தீவுகள் இவ்வினாக்களுக்குத் தந்த விடையை இக்கட்டுரை விளக்குகிறது.

ரம் தீவு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டம் ஹெப்ரிடீஸ் எனப்படும். அவற்றுள் ஒன்று ரம். ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இத்தீவில், 812 மீட்டர் உயரமுள்ள அஸ்கிவல் சிகரம் கடலை நோக்கி நிமிர்ந்து நிற்கிறது. மழையும் காற்றும் ஓயாத இடம். மரங்கள் மிகக் குறைவு. கிழக்குக் கரையிலுள்ள கின்லாக் என்னும் ஒரே சிற்றூரில் சில பத்துப் பேரே வாழ்கின்றனர். பெருநிலத்தின் கரையிலுள்ள மாலெய்க் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறித்தான் இங்கு வர இயலும்.

இத்தீவு எப்போதும் இவ்வாறு ஆளரவமற்று இருந்ததில்லை. ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கான குடியானவர்கள் இங்குப் பயிர்செய்து வாழ்ந்தனர். ஆட்டுக்கம்பளி மிகுந்த வருவாய் தரும் என்று கருதிய நிலவுடைமையாளர்கள், தீவு முழுவதையும் ஆட்டுப் பண்ணையாக மாற்ற முடிவு செய்தனர். 1826ஆம் ஆண்டு ஏறத்தாழ 300 பேர் கப்பலேற்றப்பட்டுக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோருள் பலர் 1828இல் வெளியேறினர். மனிதர் வாழ்ந்த கல்வீடுகளின் சிதைந்த சுவர்களை இன்றும் புல்வெளிகளில் காணலாம்.

அற்றுப்போன கழுகு

ஆடுகள் பெருகிய நிலத்தில் கழுகு பகையாகக் கருதப்பட்டது. கடற்கரைப் பாறைகளில் கூடுகட்டி வாழ்ந்த வெண்வால் கழுகு, மீனையும் கடற்பறவைகளையும் இறந்த விலங்குகளின் உடலையும் உண்பது. ஆட்டுக்குட்டிகளைக் கவர்கிறது என்று மேய்ப்பர்கள் அதனைச் சுட்டனர். இறைச்சித் துண்டில் நஞ்சு வைத்தும் கொன்றனர். வேட்டைப் பறவைகளைக் காக்கும் பொருட்டுப் பெருநில உடைமையாளர்களின் காவலர்களும் அதனை வேட்டையாடினர். இப்பறவை அரிதாக அரிதாக, அதன் முட்டைக்கும் பாடம் செய்த உடலுக்கும் சேகரிப்போரிடையே விலை ஏறியது. அதனால் எஞ்சிய கூடுகளும் கொள்ளைபோயின.

1916ஆம் ஆண்டு ஸ்கை தீவில் இக்கழுகின் கடைசிக் கூடு காணப்பட்டது. 1918இல் ஷெட்லாந்து தீவுகளில் எஞ்சியிருந்த கடைசிப் பறவையும் சுட்டு வீழ்த்தப்பட்டது. பிரித்தானிய வானத்தில் வெண்வால் கழுகு என்னும் இனமே இல்லாமற் போயிற்று.

நார்வேயிலிருந்து வந்த குஞ்சுகள்

கழுகை மீண்டும் குடியமர்த்த 1959இலும் 1968இலும் எடுக்கப்பட்ட முயற்சிகள் வெற்றிபெறவில்லை. விடுவிக்கப்பட்ட பறவைகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினவாக இருந்தமையே அதற்கு முதன்மையான காரணம். இணைசேரும் பருவத்தை அடைய இக்கழுகுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தேவை. அதற்குள் பல பறவைகள் இறந்துவிடும். ஆகவே, ஓரிரு பறவைகளை விடுவிப்பது போதாது. ஆண்டுதோறும் தொடர்ந்து விடுவிக்க வேண்டும் என்பது புலனாயிற்று.

1975இல் தொடங்கிய புதிய முயற்சிக்கு ரம் தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1957இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அத்தீவை வாங்கி, ஆடுகளை அகற்றிக் காப்பிடமாக மாற்றியிருந்தது. கழுகுக்கு உணவாகக் கடற்பறவைகளும், இறந்த செம்மான்களின் உடல்களும் அங்கு ஏராளமாகக் கிடைத்தன. பகைகொள்ள ஆட்டுப் பண்ணையும் இல்லை. மனிதரை வெளியேற்றிய வெறுமை, கழுகு திரும்புவதற்கு இடமளித்தது.

நார்வேயில் இப்பறவை அழியாமல் எஞ்சியிருந்தது. இரு குஞ்சுகள் இருந்த கூடுகளிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து, மற்றொன்றைத் தாய்ப்பறவையிடமே விட்டனர். எடுத்த குஞ்சுகள் பிரித்தானிய வான்படையின் விமானங்களில் ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டன. ஜான் லவ் என்னும் உயிரியலாளர் ரம் தீவில் அவற்றைப் பேணி வளர்த்தார். சிறகு முற்றியதும் அவை விடுவிக்கப்பட்டன. வேட்டையாடப் பழகும் வரையில் அவற்றுக்கென மீனும் இறைச்சியும் திறந்தவெளியில் வைக்கப்பட்டன. 1985 வரை இவ்வாறு 82 பறவைகள் விடுவிக்கப்பட்டன.

விடுவிக்கப்பட்ட பறவைகள் ரம் தீவிலேயே தங்கிவிடவில்லை. அண்டைத் தீவுகளுக்கும் பரவின. அவற்றுள் ஓர் இணை, தெற்கேயுள்ள மல் தீவில் கூடுகட்டி, 1985இல் குஞ்சு பொரித்து வளர்த்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் ஸ்காட்லாந்தின் கூடொன்றிலிருந்து வெண்வால் கழுகின் குஞ்சு பறந்தது. பின்னர் மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலும் மேலும் பறவைகள் விடுவிக்கப்பட்டன. 2015இல் கழுகு இணைகளின் எண்ணிக்கை 100ஐ எட்டியது. இன்று அது 150ஐக் கடந்துள்ளது.

கழுகைக் காணும் முறை

ஹெப்ரிடீஸ் தீவுகளில் இருவகைக் கழுகுகள் உள்ளன. ஒன்று வெண்வால் கழுகு. மற்றொன்று மலைகளில் வாழும் பொன்னிறக் கழுகு. விரித்த சிறகின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெண்வால் கழுகு 2.4 மீட்டர் வரை இருக்கும். அகன்ற சிறகுகளைப் பலகைபோல் தட்டையாக விரித்துப் பறக்கும். தலை முன்னே நீண்டும் வால் குறுகியும் தோன்றும். பொன்னிறக் கழுகோ சிறகுகளைச் சற்றே மேல்நோக்கி உயர்த்தி மிதக்கும். அதன் வால் நீளமானது. வெண்வால் கழுகின் வாலில் வெண்மை படிய ஐந்து ஆண்டுகள் ஆகும் என்பதால், இளம்பறவையை வாலின் நிறத்தைக் கொண்டு அறிய இயலாது. பெரிய அலகையும் சிறகின் வடிவையும் கொண்டே அறிதல் வேண்டும்.

கழுகைத் தேடுவோர் முதலில் நோக்க வேண்டியது பிற பறவைகளை. கரையில் அமர்ந்திருந்த வாத்துகளும் கடற்காகங்களும் ஒருசேரப் பதறி எழுந்தால், மேலே கழுகு இருக்கக்கூடும். இருகண்நோக்கியும் பொறுமையும் இருந்தால் போதும். அருகில் செல்லத் தேவையில்லை. மல் தீவில் பலர் சாலையோரம் நிறுத்திய காருக்குள் இருந்தபடியே காண்கின்றனர். காரைக் கண்டு அஞ்சாத பறவையும் நடந்துவரும் மனிதரைக் கண்டால் எழுந்து பறந்துவிடும். கடல் வற்றும் வேளையில் பாசிபடர்ந்த பாறைகளுக்கிடையே நீர்நாயையும், கரையோரப் பாறைகளில் படுத்திருக்கும் கடல்நாய்களையும் அவ்வாறே காணலாம்.

கூட்டிலிருக்கும் கழுகைக் கலைப்பது அங்குச் சட்டப்படி குற்றம். அடைகாக்கும் பறவை அஞ்சி எழுந்தால், குளிர்காற்றில் முட்டை கெட்டுவிடக்கூடும். ஒதுங்கி நின்று காண்பதே அவ்வுயிருக்குச் செய்யும் பாதுகாப்பு.

யார் இழப்பு, யார் வருவாய்?

ஏறத்தாழ 3,000 பேர் வாழும் மல் தீவுக்குக் கழுகைக் காண வருவோரால் ஆண்டுதோறும் 50 இலட்சம் பவுண்டு வரை வருவாய் கிடைப்பதாக 2011இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. முட்டைத் திருடர்களிடமிருந்து கூடுகளைக் காக்கத் தீவு மக்களும் காவல்துறையினரும் சேர்ந்து காவலிருந்தனர். பின்னர் வழிகாட்டிகளின் துணையோடு கழுகைக் காட்டும் பணியும் தொடங்கியது.

ஆயினும், வருவாய் பெறுவோரும் இழப்பை ஏற்போரும் ஒருவரல்லர். விடுதி நடத்துவோருக்கும் படகோட்டுவோருக்கும் கழுகு செல்வம். மலைச்சரிவில் ஆடு வளர்ப்போருக்கு அது கவலை. கழுகு உண்ணும் ஆட்டுக்குட்டிகளுள் பல முன்னரே இறந்தவை. எனினும், உயிருள்ள குட்டிகளையும் அது கவர்வதுண்டு என்பது உண்மை. சில பண்ணைகளில் இவ்விழப்பு மிகுதி என்று உழவர்கள் முறையிடுகின்றனர். இதனை உணர்ந்த அரசு அமைப்பு, குட்டி ஈனும் பருவத்தில் கூடுதல் மேய்ப்பர்களை அமர்த்துதல் போன்ற பணிகளுக்கு உதவித்தொகை வழங்குகிறது. அத்தொகை போதாது என்போரும் உளர்.

கழுகு அற்றுப்போனதும் ஆட்டின் பொருட்டே. இன்று அதன்மீது எழும் குறையும் ஆட்டின் பொருட்டே. அன்று நஞ்சும் துப்பாக்கியும் விடையாக இருந்தன. இன்று உழவரும் இயற்கை ஆர்வலரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுகின்றனர். பறவையை நிலத்துக்குக் கொண்டுவருவது மீட்பின் முதற்பாதி. அந்நிலத்தில் உழைத்து வாழ்வோர் அதனோடு வாழ வழிசெய்வது மறுபாதி. இம்மறுபாதி இன்னும் நிறைவுறவில்லை.

தெரிந்து தெளிவோம்

மாங்க்ஸ் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவைகள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைகளாக ரம் தீவின் மலைகளில் வளைதோண்டி வாழ்கின்றன. பகைப்பறவைகளுக்கு அஞ்சி இருட்டிய பின்னரே இவை கரைக்கு வரும். மண்ணுக்கடியிலிருந்து எழும் இவற்றின் குரலைக் கேட்ட பண்டைய வைக்கிங்குகள் அதனைப் பூதங்களின் ஒலி என அஞ்சினர் என்பர். குளிர்காலத்தில் இப்பறவைகள் அட்லாண்டிக் கடலைக் கடந்து தென்னமெரிக்கக் கரையை அடைகின்றன.

கற்பவை கற்றபின்…

1. ‘வனவிலங்குப் பாதுகாப்பில் முதலில் கேட்கப்பட வேண்டியது உழவரின் குரலே’ என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் உரையாடுக.

2. உம் ஊரில் முன்பு மிகுதியாகக் காணப்பட்டு இன்று அரிதாகிவிட்ட பறவை ஒன்றைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.