சேம அச்சு

மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் அமெரிக்கப் பயண வீடொன்றின் படத்தை மாணவன் ஒருவன் வகுப்பிற் காட்டினான். 1936ஆம் ஆண்டு ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தார் வெளியிட்ட 'கிளிப்பர்' அது. அலுமினியத் தகடுகளை ஆணியடித்துப் பொருத்திய உடல். உள்ளே படுக்கையும் அடுக்களையும். "ஐயா, நம்மவரிடம் இத்தகைய வீடு இருந்ததா?" என வினவினான்.

பெரும்பாணாற்றுப்படையை எடுத்து விரித்தேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உமணர் சகடம் அத்தகையதே அன்றோ! உப்பு வணிகர் குடும்பத்தோடு நெடுவழி செல்லும் வீடு அது. வலிய உருளை, பருத்த பார், வேய்ந்த கூரை, வாயிலிற் கோழிக்கூடு, தொங்கவிட்ட சிற்றுரல். குழந்தையை உடைய தாயே எருதுகளை ஓட்டுகின்றாள்.

அதன் கட்டுறுதியைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உணர்த்துகின்றார். மேடும் பள்ளமும் எதிர்ப்படும், அச்சு முறியவுங் கூடும் என முன்னறிந்த உமணர், வண்டியின் கீழே வேறோர் அச்சைக் கட்டிச் செல்வர். அதுவே சேம அச்சு. பொகுட்டெழினியை அதற்கு ஒப்பிடுகின்றார் புலவர். ஓரிடத்தில் நில்லாத வீட்டிற்கே இத்துணைக் காப்பு!

ஊவா மலைநாட்டில் இப்பாடத்தைச் சொல்லுங்கால் லயத்தை நினையாதிருத்தல் இயலாது. அதுவும் வழிவந்தோர்க்கென எழுந்த தங்கலே. கோப்பிக் காலத்தில், பருவத்திற்கு வந்து பருவம் முடியத் திரும்புவோர்க்காக அதனைக் கட்டினர். 1869இல் கோப்பியிலை நோய் தோன்றியது. பின்னர்த் தேயிலை பரவியது. தேயிலைக்கோ ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். வந்தவர் நிலைத்தனர். மண்சுவர் கற்சுவராயிற்று; புற்கூரை தகரக் கூரையாயிற்று. ஆயினும், 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் என்னும் கணக்கு மாறவில்லை. லயம் நிற்கும் நிலம் எத்தகையது என்றும் எவரும் ஆராயவில்லை.

கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தவில் அதனை ஆராய்ந்தனர். மண்சரிவு அபாயம் உண்டு, குடிகளை இடம்பெயர்த்தல் வேண்டும் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. எனினும் குடிகள் அங்கேயே இருந்தனர். 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்தது. லயங்கள் குடிகளோடு மண்ணுட் புதைந்தன. அச்சு முறியும் என்று அறிந்திருந்தும் சேம அச்சைக் கட்டுவார் இல்லை.

இன்று மலையகத்தில் 550 சதுர அடித் தனிவீடுகள் எழுகின்றன. வடிவு வளர்ந்தமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் இன்னும் லயத்தில் வாழ்வோர் பலர். புதுவீடு கிட்டும்வரை அவர்தம் சேமம் யாது?

இவ்வளவில் நிறுத்தினேன். படத்தை மடித்துக்கொண்டிருந்த மாணவன் மெல்ல எழுந்தான். "ஐயா, எங்கள் லயத்தின் பின்புறம் நிலம் வெடித்திருக்கின்றது" என்றான்.

மறுநாட் காலை நாங்கள் இருவரும் கிராம சேவகரிடம் சென்றோம்.