தையல் தெரிந்த கைக்குச் சப்பாத்தும் வசமாகும்

கொட்டாஞ்சேனையில் தையல் மெசின் ஓடாத ஒழுங்கையைக் காண்பது அரிது. சிங்கர் மெசின் இலங்கைக்கு வந்தது 1877இல். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து வந்த திறந்த பொருளாதாரத்தோடு ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. அங்கே பழகிய கைகள் இன்று வீட்டிலிருந்தே பிளவுஸும் பாடசாலைச் சீருடையும் தைக்கின்றன. புறக்கோட்டைப் புடவைக்கடைகளும் பக்கத்தில்தான். ஆனாலும் சீருடை தைத்த அதே தாய், பிள்ளையின் சப்பாத்துக்குக் கடை ஏறித்தான் ஆகவேண்டியிருக்கிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு அந்தச் செலவு எவ்வளவு பாரமானது என்பதற்கு, பின்தங்கிய பாடசாலை மாணவருக்கு அரசு வழங்கிய 3,000 ரூபா சப்பாத்து வவுச்சரே சாட்சி.

சப்பாத்தை வீட்டில் தைக்க முடியாதா? துணிச் சப்பாத்து என்றால் முடியும். அதை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். 1894இல் செக் நாட்டின் ஸ்லின் நகரில் தொழில் தொடங்கிய தோமஸ் பாட்டா, அடுத்த ஆண்டே கடனில் விழுந்தார். தோல் வாங்கப் பணமில்லாத நிலையில் கன்வஸ் துணியில் தைத்தார். அந்த மலிவான, பாரமற்ற சப்பாத்துதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. பீஜிங்கில் 1853இல் தொடங்கிய நெய்லியன்ஷெங் கடை, துணி அடுக்குகளைப் பசையிட்டு ஒட்டி, நெருக்கமாகக் கையால் தைத்த அடிப்பாகத்துக்கு இன்றும் பேர்போனது.

தைப்பதைவிடக் கடினம் பட்டர்ன் எடுப்பது. பிளவுஸுக்கு நாடா போதும். பாதத்துக்குப் போதாது. வளைந்து நெளிந்த ஒரு வடிவத்தைத் தட்டையான அட்டைக்குக் கொண்டுவர வேண்டும். உரித்த தோடம்பழத் தோலை மேசையில் விரிப்பது போன்ற வேலை.

இதற்குக் கால் வடிவிலான கட்டை தேவை. கட்டை முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் இரண்டு சுற்று இறுக்கி மூட வேண்டும். விரல்நுனியிலிருந்து மேற்பாதம் வழியாக ஒரு நடுக்கோடு, குதிக்காலில் நெடுக்காக இன்னொரு கோடு. கால் நுழையும் வாயையும் டேப்பின் மேலேயே வரைந்துவிடலாம். பிறகு கூரான கத்தியால் கோடுகளின் வழியே வெட்டி உரித்து, அட்டையில் ஒட்ட வேண்டும். அது உடனே படியாது. ஓரங்களில் சிறு வெட்டுகள் போட்டால் படியும். இனித் தையல் விளிம்பு: குதிக்காலில் 6 மில்லிமீட்டர், அடியில் மடித்து ஒட்ட 15 முதல் 18 வரை. வாய் ஓரத்துக்குக் கூட்ட வேண்டாம். அங்கே கிராஸாக வெட்டிய நாடா வைத்துத் தைப்போம்.

கட்டை கிடைக்காதவர்கள் பழைய காலுறையைப் போட்டுக்கொண்டு, காலிலேயே டேப் சுற்றச் சொல்லலாம். ஆனால் விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இடம் விட வேண்டும். பாரம் ஊன்றி நடக்கையில் பாதம் நீளும். நம் கடைகளில் பழகிய பிரித்தானிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒன்றுதான். பட்டர்னில் அரை சென்டிமீட்டர் தவறினாலே சப்பாத்து கடிக்கத் தொடங்கும். அதனால் நல்ல துணியில் கைவைக்கும் முன் பழைய துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்ப்பது கட்டாயம்.

துணி அதிகம் இழுபடாத திசை, விரல்நுனியிலிருந்து குதிக்கால் நோக்கிப் போக வேண்டும். மாறினால் சில நாட்களிலேயே சப்பாத்து தொளதொளத்துவிடும். வெளித்துணி, விறைப்புத் துணி, உள்துணி என மூன்று அடுக்கைத் தைக்க 16ஆம் நம்பர் ஊசி வேண்டும். மருதமுனைக் கைத்தறித் துணி இதற்கு அழகாக அமையும். பின்னால் விறைப்புத் துணி கொடுத்தால் போதும்.

அடிப்பாகத்தில் மட்டும் வீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. பாடசாலைக் கன்வஸ் சப்பாத்தின் இறப்பர் அடியைத் தொழிற்சாலையில் சூட்டாலும் அழுத்தத்தாலும் பிணைக்கிறார்கள். வீட்டில் இறப்பர் தகட்டை வெட்டி, இரு பக்கமும் பசை பூசி, அது ஈரம் காய்ந்து ஒட்டும் பதத்துக்கு வந்ததும் அழுத்தி, ஓரத்தில் கைத்தையலும் போட வேண்டும். கொழும்பு மழையில் தினமும் நனைந்தால் அது தாங்காது. எனவே வீட்டுக்குள் போடும் சப்பாத்து, குழந்தைச் சப்பாத்து, கலியாணச் சேலைக்குப் பொருந்தும் சப்பாத்து ஆகியவற்றில் தொடங்குவதே புத்தி. இவற்றுக்கு வாடிக்கையாளரும் வருவார்கள்; சேலையின் வெட்டுத்துணியில் தைத்த சோடியை எந்தக் கடையிலும் வாங்க முடியாதே.

ஆடைத் தொழில் இந்த நாட்டுப் பெண்களுக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்தது. பட்டர்ன் வரையும் அறிவைப் பெரும்பாலும் வெட்டும் பிரிவோடு நிறுத்திக்கொண்டது. தொழிற்பயிற்சி அதிகார சபையும், தையல் வகுப்பு நடத்தும் கோவில், தேவாலய மண்டபங்களும் சப்பாத்துப் பட்டர்னை ஒரு பாடமாகச் சேர்க்க வேண்டும். கட்டைகளை வகுப்புக்குப் பொதுவாக வாங்கி வைத்தாலே பாதிச் செலவு குறையும். மெசின் வைத்திருக்கும் சகோதரிகளே, அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒரு சுருள் மாஸ்கிங் டேப்பும் ஒரு அட்டையும் போதும்; முதல் பட்டர்னை உங்கள் காலிலேயே எடுத்துப் பாருங்கள்.