தாத்தா நட்சத்திரத்தில் பேரன்

குழந்தை பிறந்த செய்தி வந்ததுமே எழும் முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு?” என்பது. நேரம் தெரிந்தால் போதும், ஒருவர் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார் அல்லது கைப்பேசியில் செயலியைத் திறப்பார். “அட, தாத்தா நட்சத்திரம்!” என்று ஒரு குரல் கிளம்பும். தாத்தா காலமாகியிருந்தால், “அவரேதான் வந்து பொறந்திருக்கார்” என்று பாட்டி கண்ணைத் துடைத்துக்கொள்வார். இந்த வியப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நட்சத்திரங்கள் மொத்தம் 27. அப்பா, அம்மா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகள் என்று ஆறு பேர். இவர்களில் யாராவது ஒருவருடைய நட்சத்திரம் குழந்தைக்கு அமையும் வாய்ப்பு நூற்றுக்கு இருபது. ஐந்து பிரசவத்துக்கு ஒன்று. அத்தை, சித்தப்பா, தாய்மாமன் என்று கூட்டிக்கொண்டு போய்ப் பத்தொன்பது பேரைச் சேர்த்தால் பாதிக்குப் பாதி தேறிவிடும். ஆங்கிலத் தேதி பொருந்துவது இதைவிட அரிது. ஆனாலும் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பிறந்த தேதியிலேயே பிறப்பவர்கள் மட்டும் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். அந்த இரண்டாயிரம் வீடுகளிலும் அது அதிசயம்தான்.

வயது ஏற ஏற இப்படிப்பட்ட தற்செயல்கள் அதிகமாகின்றன என்று பெரியவர்கள் சொல்வதைப் பிரமை என்று தள்ளிவிடத் தேவையில்லை. உண்மையிலேயே அதிகமாகின்றன. உலகம் மாறிவிடவில்லை, பொருத்திப் பார்க்க நம்மிடம் சேர்ந்த சரக்குதான் பெருகிவிட்டது. ஓர் அறையில் 23 பேர் இருந்தால் யாராவது இருவருக்குப் பிறந்த நாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல் என்பது பலருக்கும் தெரிந்த கணக்கு. 23 என்ற எண் சிறியதாகத் தெரிகிறது. அந்த 23 பேருக்குள் 253 ஜோடிகள் இருப்பது கண்ணில் படுவதில்லை. நினைவும் அப்படித்தான். நமக்குத் தெரிந்த பெயர்கள், தேதிகள், ஊர்கள், சாவுகள், கல்யாணங்கள் இரண்டு மடங்கானால், அவற்றுக்குள் அமையக்கூடிய ஜோடிகள் ஏறத்தாழ நான்கு மடங்காகின்றன. இருபது வயதில் ஆகஸ்ட் 14 வெறும் விடுமுறைக்கு முந்தின நாள். அறுபது வயதில் அதே தேதிக்கு ஒரு திருமணம், ஓர் அறுவைச் சிகிச்சை, ஒரு வீட்டுப் பத்திரப்பதிவு என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில்தான் வீட்டுக்குள் இரண்டு வயதுப் பிள்ளை ஓடுகிறது. நாளொரு சேட்டையும் பொழுதொரு சொல்லும் என்று அது ஓயாமல் புதிது புதிதாகச் செய்கிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நடந்தால் “அப்படியே தாத்தா நடை” என்கிறோம். அன்று காலையில் அதே பிள்ளை செருப்பை நக்கியதையும், காலி வாளிக்குள் உட்கார்ந்து பாடியதையும் யார் சாயல் என்று கேட்பதில்லை. பொருந்தியது கதையாகிறது, பொருந்தாதது குப்பைக்குப் போகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில பொருத்தங்கள் தற்செயலே அல்ல. அவற்றுக்குக் காரணம் இருக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை. தாத்தாவின் நடை அப்பாவுக்கு வந்திருக்கும்; பிள்ளை அதை அப்பாவிடம் பார்த்துப் படித்திருக்கும். பத்தொன்பது வயது நிறையும்போது ஜென்ம நட்சத்திரமும் ஆங்கிலப் பிறந்த நாளும் பெரும்பாலும் ஒன்றாகவோ ஒரு நாள் முன்பின்னாகவோ வருவதும் இந்த வகைதான். நட்சத்திரத்தைத் தீர்மானிக்கும் சந்திரன் வான்வெளியில் 254 சுற்றுச் சுற்றி முடிக்க ஏறக்குறைய சரியாக 19 ஆண்டுகள் ஆகின்றன. 38-லும் 57-லும் மறுபடி அதே கூத்து. “இந்த வருஷம் ரெண்டும் ஒரே நாள்ல வருது, விசேஷம்” என்று கோயிலில் அர்ச்சனை செய்யலாம், தவறில்லை. ஆனால் அது தெருவில் அதே வயதுடைய அத்தனை பேருக்கும் வரும் விசேஷம்.

“கணக்கெல்லாம் சரி, எங்கள் வீட்டில் நடந்தது கோடியில் ஒன்று” என்பார்கள். பெர்சி டயகோனிஸ், பிரெடெரிக் மாஸ்டெல்லர் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள் 1989-இல் எழுதிய கட்டுரை இதற்குத்தான் பதில் தேடியது. வாய்ப்புகளின் எண்ணிக்கை போதுமான அளவு பெரிதானால், எவ்வளவு விபரீதமான நிகழ்ச்சியும் எங்கோ யாருக்கோ நடந்தே தீரும் என்றார்கள். (டயகோனிஸ் கல்லூரிக்குப் போகும் முன் மேடை மாயவித்தைக்காரர், வியப்பை உண்டாக்கும் தொழில்நுட்பம் அவருக்குத் தெரியும்.) எது பொருந்த வேண்டும் என்று முன்கூட்டியே யாரும் எழுதிவைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேதி பொருந்தாவிட்டால் நட்சத்திரம், அதுவும் இல்லையென்றால் திதி, இல்லையென்றால் கிழமை, மச்சம், ஆஸ்பத்திரி அறை எண். அம்பு தைத்த பிறகு வட்டம் வரைந்தால் எல்லோரும் அர்ஜுனன்தான்.

அப்படியானால் பொருத்தம் தேடும் மனமே முட்டாள் மனமா? அந்த முடிவுக்கு என்னால் போக முடியவில்லை. ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வுக்காக எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற அசைகளை இடைவெளியே இல்லாமல் இரண்டு நிமிடம் கேட்கவைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதை வைத்தே குழந்தைகள் அந்த ஓட்டத்தில் சொற்களைப் பிரித்துக்கொண்டன. எதற்குப் பின் எது வருகிறது என்று ஓயாமல் பார்க்கும் இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் எந்தப் பிள்ளையும் எளிதில் பேச்சுப் பழகாது. மடியில் இருக்கும் பேரனும் மடியில் வைத்திருக்கும் பாட்டியும் செய்வது ஒரே வேலை. பேரனுக்கு அடுத்த நொடியே சரிபார்க்க வழியுண்டு. தவறாகப் பிரித்த சொல்லைச் சொன்னால் கேட்டது கிடைக்காது. பாட்டியின் “அவரே வந்து பொறந்திருக்கார்” என்பதைச் சரிபார்க்க வழி எதுவும் இல்லை.

பாட்டிக்கு ஆறுதல் தருகிறதே, அதைக் கணக்கு வைத்துக் கலைப்பானேன் என்ற கேள்வி நியாயமானது. இறந்தவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்து மகிழ்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இதே மனக்கணக்குதான் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே நட்சத்திரமென்றால் ஆகாது என்று பரிகாரத்துக்கு அலையவைக்கிறது. கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பதும் அதே வழியில் வந்ததுதான். அதற்காகக் கிண்ணத்து நல்லெண்ணெயில் குழந்தையின் முகத்தை மாமன் முதலில் பார்க்க வேண்டும் என்ற சடங்கு இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருப்பது பிரசவங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற அளவுக்குச் சாதாரணம். பெரும்பாலும் அதனால் பிள்ளைக்கே ஒன்றும் ஆவதில்லை. மாமனுக்கோ இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பைக் சறுக்குவது, வேலை போவது, கடன் ஏறுவது என்று ஏதாவது ஒன்று நேராமல் இருக்காது. நேர்ந்ததும் பழி வாய் திறக்காத பிள்ளையின் மேல் விழும். அதைப் பெற்றவள் பிறந்த வீட்டில் தலைகுனிந்து நிற்பாள். கொடி சுற்றாமல் பிறந்த பிள்ளைகளின் மாமன்கள் எத்தனை பேர் அதே ஆண்டில் பைக்கிலிருந்து விழுந்தார்கள் என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.