பெங்களூர் நல்லதா? சொந்த ஊர் நல்லதா?

சனிக்கிழமை மாலை பெங்களூர் கண்டோன்மெண்டு ரெயில் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். ஜோலார்பேட்டை பக்கம் போகும் வண்டிகளில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு கையில் துணிப்பை, மறு கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட் பொட்டலம். ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று ஆளுக்கு ஓர் ஊர். வண்டி நகர்ந்ததும் எல்லோருக்கும் பேச்சு ஒன்றுதான்:

"இங்கேயே இருந்து விடலாமா? ஊருக்கே போய் விடலாமா?"

1864-ல் ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூருக்கு ரெயில் பாதை வந்தது. அன்று முதல் பிழைப்புத் தேடி வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வரும் கேள்வி இது. இதற்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்ல முடியுமா?

அரசு போட்ட மார்க்கு

மத்திய அரசு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தது. வாழ்வதற்கு ஏற்ற நகரம் எது என்று 111 நகரங்களுக்கு மார்க்கு போட்டு, 2021 மார்ச் மாதம் பட்டியல் வெளியிட்டது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் பெங்களூருக்கு முதல் இடம். சென்னைக்கு 4-வது இடம். கோவைக்கு 7-வது இடம்.

பெங்களூர்க்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக் கொள்ளலாம். ஆனால் பட்டியலைப் பிரித்துப் படித்தால் வேறு கதை தெரிகிறது. தொழில், வருமானம் என்ற பாடத்தில் பெங்களூர் 100-க்கு 78 மார்க்குக்கு மேல் வாங்கியது. அடுத்து வந்த டெல்லிக்கு 50 மார்க்கு சொச்சம்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீடு, தண்ணீர் ஆகியவை அடங்கிய வாழ்க்கைத் தரம் என்ற பாடத்தில் முதல் இடம் சென்னைக்கு. இரண்டாம் இடம் கோவைக்கு.

அதாவது, சம்பாதிக்கப் பெங்களூர். குடித்தனம் நடத்தத் தமிழ்நாடு!

நம் ஊர் சென்னை அல்ல

அவசரப்பட்டு மூட்டை கட்ட வேண்டாம். சனிக்கிழமை வண்டியில் போகிறவர்கள் சென்னைக்கோ கோவைக்கோ போகவில்லை. 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி பெங்களூர் நகர மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றவர்கள் 100-க்கு 87 பேருக்கு மேல். தர்மபுரி மாவட்டத்தில் 68 பேர்தான். இந்த இடைவெளிதான் பலரை ரெயில் ஏற்றியது.

ஆனால் மாநிலத்தோடு மாநிலத்தை ஒப்பிட்டால் தராசு மறுபடி சாய்கிறது. 2020-ம் ஆண்டுக் கணக்கில், பிறந்த 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை கர்நாடகத்தில் 19, தமிழ்நாட்டில் 13. தமிழ்நாட்டுக் கிராமத்துச் சுகாதார நிலையத்தை யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம்.

கையில் நிற்பது எவ்வளவு?

ஒரு தொழிலாளிக்குப் பெங்களூரில் மாதம் 22 ஆயிரம் ரூபாய் சம்பளம் என்று வைத்துக் கொள்வோம். வீட்டு வாடகை 8 ஆயிரம். தண்ணீர், மின்சாரம் ஆயிரம். பஸ் செலவு ஆயிரத்து ஐந்நூறு. மீதி 11 ஆயிரத்து ஐந்நூறு. 10 மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது பெங்களூரில் நெடுங்காலப் பழக்கம். 80 ஆயிரம் ரூபாய் வட்டி இல்லாமல் வீட்டுக்காரரிடம் தூங்கும்.

அவரே ஊரில் 14 ஆயிரத்துக்கு வேலை பார்த்தால்? சொந்த வீடு. மின்சாரத்துக்கும் பஸ்சுக்கும் ஆயிரம் போனாலும் மீதி 13 ஆயிரம். ஊர்தான் லாபம்!

ஆனால் அந்த வேலை மாதம் 26 நாளும் கிடைக்குமா? அதுதான் கேள்வி. தோல் தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்தால் அடுப்பு அணைந்து விடும். தங்கவயல் இதற்குச் சாட்சி. 2001-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத்தில் உழைத்த தமிழர்களின் பிள்ளைகள் விடியற்காலை ரெயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வர வேண்டியதாயிற்று.

ஒரே காவிரி

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் சுகம் இல்லை. பெங்களூர் 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. குளிர்ச்சிக்குக் காரணம் அதுதான். தாகத்துக்கும் காரணம் அதுதான். சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்தில் இருந்து காவிரியை மேடேற்றிக் கொண்டு வருகிறார்கள். 2024 கோடையில் நகரத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வறண்டன. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி 5-வது கட்டத் திட்டம் தொடங்கிய பிறகுதான் புறநகர்ப் பகுதிகளுக்கு ஆறுதல் கிடைத்தது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் புளூரைடு கலந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பல் கறுத்தவர்கள். அவர்களுக்கும் 2013-ல் ஒகேனக்கல் திட்டம் வந்த பிறகே காவிரி கிடைத்தது.

சான்றிதழ் சங்கடம்

பலரும் மறந்து விடும் விஷயம் ஒன்று உண்டு. அது பிள்ளைகளின் சான்றிதழ்.

ஒரு மாநிலத்தின் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர், வேறு மாநிலத்துக்குக் குடியேறினால் அங்கே அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்புக் கூறியது. தமிழ்நாட்டிலோ, அரசுப் பள்ளிகளில் 6-வது முதல் பிளஸ்-2 வரை படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. பெங்களூரில் படித்த பிள்ளைக்கு அது கிடைக்காது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று பிள்ளை நடுவில் நிற்கும்.

ஆகவே, குடும்பத்தை அழைத்து வருவதா, ஊரில் விடுவதா என்பதைப் பிள்ளை 6-வது வகுப்பில் சேரும் முன்பே முடிவு செய்வது நல்லது. ரேஷன் கார்டு ஒரே மாநிலத்தில் இருக்கட்டும். இங்கே தங்குவது என்றால் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக் கொள்ளுங்கள். அரைகுறைப் பேச்சு மார்க்கெட்டுக்குப் போதும். மனு எழுதப் போதாது.

நடுவில் ஒரு வழி

ஓசூரில் குடியிருந்து கொண்டு பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. சம்பளம் இங்கே, பள்ளிக்கூடம் அங்கே. 40 கிலோ மீட்டர் போக்குவரத்து நெரிசல்தான் அதற்குக் கூலி.

ஊரில் வீடு இருந்து, பென்ஷனும் வந்தால் ஊரே சுகம். வேலை தேடும் வயசு என்றால் பெங்களூரை விட முடியாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால், முதலில் அவர்கள் பக்கம் கணக்குப் போடுங்கள். தகப்பனுக்கு வாரா வாரம் ரெயில் இருக்கிறது. பிள்ளைக்குத் தவறிப் போன வருஷம் திரும்ப வராது.